பிள்ளை வெளிறிப் போனால் அசட்டை வேண்டாம்: சிறுவர் இரத்தப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகள்



இந்த இதழின் சுகாதாரப் பாடம் பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பற்றியது. பெயரைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். இது அடிக்கடி வரும் நோய் அல்ல. ஆனாலும் பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். எந்த வயதுப் பிள்ளைக்கும் வரலாம். 2 வயதிலிருந்து 5 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து முழுமையாக மருந்து கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும். பிந்தினால்தான் கஷ்டம். ஆகவே இந்தப் பாடத்தைப் பொறுமையாக வாசியுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

நாலு பேர் பார்த்த ஒரு பிள்ளை

ஒரு பிள்ளையை மனதில் நினைத்துக் கொள்வோம். வயது 4. கொஞ்ச நாளைக்கு முன்பு வரை லயத்து வாசலில் ஓடி ஆடித் திரிந்த பையன்.

பிள்ளைக் காம்பராவில் இருக்கும் ஆயாம்மா ஒன்றைக் கவனிக்கிறார். பையன் இப்போது மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொள்கிறான். "சரியா சாப்பிடுறதில்ல, அதான் சோந்து கெடக்குறான்" என்று ஆயாம்மா நினைக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டும் அப்பாயி, பையனின் முதுகிலும் வயிற்றிலும் நீல நீலமாகக் கன்றிப் போயிருப்பதைப் பார்க்கிறார். "எங்கேயோ விழுந்து எந்திரிச்சிருக்கான், வாலுப்பய" என்கிறார்.

மாலையில் மேட்டு லயத்துக்கு ஏறும்போது பையன், "காலு வலிக்குதுப்பா, தூக்கு" என்று அழுகிறான். செல்லம் கொஞ்சுகிறான் என்று அப்பா தூக்கிக் கொள்கிறார்.

அம்மாவுக்குத் தெரிந்தது காய்ச்சல். ஒரு மாதத்துக்குள் மூன்று முறை வந்து விட்டது. டிஸ்பென்சரிக்குக் கொண்டு போய்க் காட்டுகிறார். காய்ச்சல் என்று மட்டும் சொல்கிறார். காய்ச்சலுக்குப் பாணி மருந்து கிடைக்கிறது. இரண்டு நாளில் காய்ச்சல் விடுகிறது. பிறகு திரும்பவும் வருகிறது.

நாலு பேரும் பிள்ளை மேல் பாசம் உள்ளவர்கள்தான். ஒவ்வொருவர் சொன்ன காரணமும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். ஆனால் நாலு பேர் பார்த்ததையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. சோர்வு, கன்றல், கால் வலி, திரும்பத் திரும்பக் காய்ச்சல் என்று நாலையும் ஒன்றாகக் கேட்டிருந்தால் டிஸ்பென்சரியில் இருக்கும் தோட்ட வைத்திய உதவியாளர் அன்றைக்கே பிள்ளையை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்.

இந்த நோயின் அறிகுறிகள் ஒளிந்து வருவதில்லை. சாதாரண வருத்தங்களின் உருவத்தில், ஒவ்வொன்றாக, ஒவ்வொருவர் கண்ணில் படுகின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

1. உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம்முடைய எலும்புகளின் உள்ளே மென்மையான ஒரு பகுதி இருக்கிறது. அதை எலும்பு மச்சை என்று சொல்வார்கள். இரத்தம் உற்பத்தியாவது அங்கேதான். தோட்டத்து நர்சரியை நினைத்துப் பாருங்கள். தேயிலைக் கன்றுகள் அங்கே வளர்ந்து, பருவம் வந்ததும் மலைக்குப் போகின்றன. அதேபோல எலும்பு மச்சை என்ற நர்சரியில் மூன்று வகைக் கன்றுகள் வளர்ந்து இரத்தத்துக்குள் போகின்றன.

முதலாவது சிவப்பணு. இது மூச்சுக் காற்றில் உள்ள ஒட்சிசனை உடம்பு முழுவதும் சுமந்து செல்கிறது. உடம்புக்குத் தெம்பும் நிறமும் இதனால்தான்.

இரண்டாவது வெள்ளையணு. இது உடம்புக்குக் காவல்காரன். கிருமிகளோடு சண்டை போடுகிறது.

மூன்றாவது குருதிச் சிறுதட்டு. காயம் பட்டால் இரத்தம் ஒழுகாமல் அடைப்பது இதன் வேலை.

இரத்தப் புற்றுநோய் வரும்போது இந்த நர்சரியில் ஒரு வெள்ளையணு கெட்டுப் போகிறது. அது முதிர்ந்து காவல் வேலைக்குப் போவதில்லை. களை மாதிரி பெருகிக் கொண்டே போகிறது. களை மண்டிய நர்சரியில் நல்ல கன்றுக்கு இடமும் உரமும் கிடைக்குமா? அதுபோலவே நல்ல சிவப்பணு, நல்ல வெள்ளையணு, சிறுதட்டு மூன்றும் குறைந்து போகின்றன.

1847ல் விர்ச்சோ என்ற ஜெர்மன் வைத்தியர் இந்த நோய்க்கு 'லியுகேமியா' என்று பெயர் வைத்தார். வெள்ளை இரத்தம் என்பது அதன் பொருள். வைத்தியசாலைத் துண்டில் இந்தப் பெயரை நீங்கள் காணலாம்.

2. மூன்று குறைவு, மூன்று விதமான அறிகுறி

மேலே சொன்ன மூன்று வேலைகளையும் ஞாபகம் வைத்துக் கொண்டால் அறிகுறிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

சிவப்பணு குறைந்தால்: பிள்ளை வெளிறிப் போகும். சீக்கிரம் களைத்துப் போகும். கொஞ்சத் தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும். பகலிலும் தூங்கும். சாப்பாட்டில் மனம் இருக்காது.

வெளிறலைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காம்பராவின் புகையிலும் இருட்டிலும் நிறம் தெரியாது. பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டு வாருங்கள். கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நாக்கைப் பாருங்கள். பிள்ளையின் உள்ளங்கையை உங்கள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவந்து இருக்க வேண்டிய இடங்கள் வெள்ளைத் துணி மாதிரி இருந்தால் அது இரத்தக் குறைவு.

நல்ல வெள்ளையணு குறைந்தால்: காய்ச்சல் விட்டு விட்டு வரும், அல்லது விடாமல் இருக்கும். தொண்டை வலி, வாய்ப்புண், சளி, காதில் சீழ் என்று ஒன்று மாறி ஒன்று வரும். மருந்து எடுத்தும் முழுசாகச் சுகமாகாது.

சிறுதட்டு குறைந்தால்: அடிபடாமலே உடம்பு கன்றிப் போகும். பல் துலக்கும்போது முரசில் இரத்தம் வரும். மூக்கில் இரத்தம் வந்தால் சீக்கிரம் நிற்காது. தோலில் ஊசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றும். கொசு கடித்த தடிப்பு மாதிரி இவை மேலெழும்பி நிற்காது, அரிக்காது. கண்ணாடி கிளாஸ் ஒன்றின் பக்கத்தைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். சாதாரணச் சிவப்பு மறைந்து விடும். தோலுக்கு அடியில் இரத்தம் கசிந்த புள்ளி மறையாது.

ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முன்காலிலும் கன்றல் இருப்பது வழக்கம்தான். முதுகு, வயிறு, மார்பு, முகம், மேல்கை ஆகிய இடங்களில் காரணமில்லாமல் கன்றியிருந்தால் அதைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. நம்முடைய குளிர் பிரதேசத்தில் பிள்ளைகள் எந்நேரமும் சுவெட்டரும் தொப்பியும் போட்டுக் கொண்டிருப்பார்கள். ஆகவே உடம்பு முழுவதையும் பார்ப்பதற்குக் குளிப்பாட்டும் நேரம்தான் வசதி. குளிப்பாட்டுகிறவர் யாராக இருந்தாலும் முன்னும் பின்னும் ஒரு முறை பார்த்து விடுங்கள்.

களை பெருகி இடம் பிடிப்பதால் வரும் அறிகுறிகள்: எலும்பு வலி, மூட்டு வலி வரும். பிள்ளை நொண்டி நடக்கும், நடக்கவே மாட்டேன் என்று சொல்லும். நடை பழகிய சின்னப் பிள்ளை திரும்பவும் தூக்கச் சொல்லி அடம் பிடிக்கும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வலியில்லாத நெறி கட்டும். ஈரலும் மண்ணீரலும் பெருத்து, கை கால் மெலிந்திருக்க வயிறு மட்டும் உப்பித் தெரியும். சில பிள்ளைகளுக்குத் தலைவலியும் காலை நேரத்து வாந்தியும் இருக்கலாம்.

எல்லா அறிகுறியும் எல்லாப் பிள்ளைக்கும் வருவதில்லை. சில பிள்ளைகளுக்குக் கால் வலி மட்டுமே முதலில் வரும். சில பிள்ளைகளுக்கு வெளிறலும் காய்ச்சலும் மாத்திரம்.

3. எல்லா வெளிறலும் இந்த நோயா?

இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். தோட்டத்தில் ஒரு பிள்ளை வெளிறியிருந்தால் பெரும்பாலும் காரணம் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கும், அல்லது பூச்சித் தொல்லையாக இருக்கும். காய்ச்சல் என்றால் பெரும்பாலும் சாதாரணக் கிருமிக் காய்ச்சல்தான். டெங்குக் காய்ச்சலிலும் சிறுதட்டு குறையும், சிவப்புப் புள்ளி வரும். எனவே ஒரு அறிகுறியைக் கண்டதும் கலங்கிப் போகத் தேவையில்லை. வித்தியாசம் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு.

இரும்புச் சத்துக் குறைவில் பிள்ளை வெளிறும், களைக்கும். ஆனால் அதனால் மட்டும் உடம்பு கன்றாது, நெறி கட்டாது, எலும்பு வலிக்காது. இரும்புச் சத்து மருந்து ஒழுங்காகக் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் முன்னேற்றம் தெரியும். தெரியாவிட்டால் திரும்பவும் காட்ட வேண்டும்.

வளரும் பிள்ளைகளுக்கு இரவில் கால் வலி வருவதுண்டு. அது இரண்டு காலிலும் வரும். தேய்த்து விட்டால் குறையும். காலையில் பிள்ளை எழுந்து ஓடி விடும். நாங்கள் இங்கே சொல்லும் வலி அப்படிப்பட்டதல்ல. பகலிலும் இருக்கும், நாளுக்கு நாள் கூடும், பிள்ளையை நொண்ட வைக்கும், தூக்கத்தில் எழுப்பி அழ வைக்கும்.

தடிமல் வந்தால் கழுத்தில் சின்ன நெறி கட்டும். தடிமல் போனதும் அதுவும் வற்றி விடும். வற்றாமல் பெருத்துக் கொண்டே போகும் நெறியையும், காறை எலும்புக்கு மேலே தோன்றும் நெறியையும் கட்டாயம் காட்ட வேண்டும்.

4. எப்போது கொண்டு போக வேண்டும்?

ஒன்று: மேலே சொன்ன அறிகுறிகளில் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். அடுத்த சம்பள நாள், அடுத்த கிளினிக் நாள் என்று தள்ளிப் போடாமல் இரண்டொரு நாளுக்குள் காட்டி விடுங்கள்.

இரண்டு: ஒரே ஒரு அறிகுறியாக இருந்தாலும் இரண்டு வாரமாகத் தீராமல் இருந்தால் காட்டுங்கள். காய்ச்சலுக்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. 2 நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் எப்படியும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மூன்று: சில அறிகுறிகளைக் கண்டால் அன்றைக்கே, இரவானாலும், பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூக்கில் அல்லது முரசில் நிற்காமல் இரத்தம் வடிதல், இரத்த வாந்தி, கறுப்பு மலம், மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், உடம்பு முழுவதும் திடீரென்று சிவப்புப் புள்ளி ஆகியவை அவை. 1990 இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

5. போய் என்ன சொல்வது?

பல தாய்மாருக்கு வைத்தியருக்கு முன்னால் வாய் வராது. வெளியே நீண்ட வரிசை இருக்கும். பாஷைப் பிரச்சினையும் இருக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி விட்டு வந்து விடுவோம். இந்த நோயில் அது போதாது. நம்முடைய கதையிலுள்ள அம்மா, டிஸ்பென்சரியில் இப்படிப் பேசியிருக்கலாம்:

"ஐயா, புள்ளைக்குக் காய்ச்சல் மட்டும் இல்லீங்க. ஒரு மாசத்துல மூணு தரம் வந்துருச்சு. ஆளு வெளுத்துப் போயிட்டான். முதுகெல்லாம் கன்னிப் போயிருக்கு, விழவே இல்லைங்க. ராத்திரியில கால் வலின்னு அழுறான்."

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"சோர்வு மூணு வாரமா இருக்குங்க. கன்னுனத போன ஞாயித்துக்கெழமதான் பாத்தோம். ரத்தம் சோதிச்சுப் பாக்கணுமாங்கய்யா?"

"கட்டாயம் பார்க்கணும். நான் துண்டு எழுதித் தாறேன். இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

பாருங்கள், அந்த அம்மா நோயின் பெயரைச் சொல்லவில்லை. கண்டதைச் சேர்த்துச் சொன்னார். எத்தனை நாளாக என்று சொன்னார். இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்டார். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

போகுமுன் ஒரு கடதாசியில் எழுதிக் கொள்ளுங்கள். எந்தத் திகதியில் காய்ச்சல் வந்தது, எப்போது விட்டது, கன்றல் எங்கே இருந்தது, என்ன மருந்து கொடுத்தது என்று நாலு வரி போதும். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டு போங்கள். நிறை குறைந்திருந்தால் அதில் தெரியும்.

6. என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலாவது, முழு இரத்தக் கணக்கெடுப்பு. இதைச் சுருக்கமாக எப்.பி.சி. என்பார்கள். பிள்ளையின் கையிலிருந்து ஒன்றிரண்டு மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பார்கள். ஒரு தேக்கரண்டியில் பாதி கூட வராது. "ரத்தம் எடுத்தா புள்ள இன்னும் சோந்துரும்" என்று சிலர் பயப்படுவார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

இந்தப் பரிசோதனையில் மூன்று வகை அணுக்களும் எவ்வளவு இருக்கின்றன என்று தெரிந்து விடும். உதாரணமாக, சிறுதட்டு வழக்கமாக ஒரு மைக்ரோலீற்றருக்கு 150,000க்கு மேல் இருக்க வேண்டும். 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச் சோகை. இரத்தப் புற்றுநோயில் வெள்ளையணுவின் எண்ணிக்கை மிகக் கூடியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். எனவே ஒரு எண்ணை மட்டும் பார்த்து நாமே முடிவு கட்டக் கூடாது. சந்தேகம் வந்தால் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நோயை உறுதி செய்வதற்கு இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் மச்சை எடுத்துச் சோதிப்பார்கள். அதற்கு முன் வலி தெரியாமலிருக்க மருந்து கொடுப்பார்கள்.

நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற இடங்களிலுள்ள பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் முதல் பரிசோதனைகளைச் செய்யலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நாட்டின் முக்கிய நிலையம் மஹரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை. அங்கே பிள்ளைகளுக்கென்று தனி வார்ட்டுகள் இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

பரிசோதனைத் துண்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். "நமக்கு வாசிக்கத் தெரியாதே" என்று வீசி விடாதீர்கள். ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கூரை ஒழுகாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வைத்தியருக்கு அந்தத் துண்டுகள்தான் பிள்ளையின் கதையைச் சொல்லும்.

7. செய்யக் கூடாதவை

கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஸ்டிரொயிட் வகை மருந்துகளைக் கொடுத்தால் பிள்ளை சில நாளைக்குத் தேறின மாதிரித் தெரியும். நோய் உள்ளே மறைந்திருக்கும். கண்டுபிடிப்பது பிந்திப் போகும்.

காய்ச்சலுக்கு வைத்தியர் சொன்ன அளவில் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரினும் புருபனும் கொடுக்க வேண்டாம். அவை இரத்தப் போக்கைக் கூட்டலாம்.

கோயிலில் நேர்ந்து கொள்வதையும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதையும் யாரும் தடுக்கவில்லை. மனதுக்கு ஆறுதலாக இருக்கட்டும். அதற்காக வைத்தியசாலைக்குப் போகும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள். கண்ணூறு கழித்து விட்டு அதே நாள் பஸ் ஏறுங்கள்.

8. மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. இதைத் தெரிந்து கொள்வது முக்கியம். மருந்து இல்லை என்று நினைக்கிறவர்கள்தான் பரிசோதனைக்கும் போகாமல் விடுகிறார்கள்.

1940களின் நடுப்பகுதி வரை இந்த நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களுக்குள் இறந்து விடுவார்கள். அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து வைத்தியர் சிட்னி பார்பர் என்பவர் 1947ல் பிள்ளைகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில பிள்ளைகள் கொஞ்சக் காலத்துக்குத் தேறினார்கள். 1948ல் அந்த முடிவுகள் வெளியாயின. அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் போன எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

பிறகு 1960களில் வின்கிறிஸ்டின் என்ற மருந்து வந்தது. அது எதிலிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? நம்முடைய லயத்து வாசலிலும் கோயில் பக்கத்திலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான். இன்றைக்கும் இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு அந்த மருந்து ஊசி மூலம் கொடுக்கப்படுகிறது. ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டு விட்டுச் செடியைப் பிடுங்கிக் கசாயம் வைத்து விடாதீர்கள். அந்தச் செடி விஷம். மருந்து நிலையத்தில் பிரித்தெடுத்து, பிள்ளையின் உடம்புக்கு ஏற்ற அளவு கணக்குப் பார்த்து வைத்தியர் கொடுத்தால்தான் அது மருந்து.

பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில், வசதி படைத்த நாடுகளில் இப்போது 10 பிள்ளைகளில் ஏறக்குறைய 9 பேர் குணமடைகிறார்கள். எல்லா வகைப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், வசதி படைத்த நாடுகளில் 100 பிள்ளைகளில் 80க்கு மேற்பட்டவர்கள் பிழைக்கிறார்கள் என்றும், வசதி குறைந்த பல நாடுகளில் 30 பேர் கூடப் பிழைப்பதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2030க்குள் உலகமெங்கும் 100க்கு 60 பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று அந்த நிறுவனம் 2018ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? மருந்துத் தட்டுப்பாடு ஒரு காரணம். நோயைப் பிந்திக் கண்டுபிடிப்பது இன்னொரு காரணம். மருந்தைப் பாதியில் நிறுத்துவது மற்றொன்று. கடைசி இரண்டிலும் குடும்பத்துக்கும் பங்கு இருக்கிறது.

9. பாதியில் நிறுத்தாதீர்கள்

சிகிச்சை 2 வருடத்திலிருந்து 3 வருடம் வரை நடக்கும். முதல் மாதத்து மருந்திலேயே பிள்ளை நன்றாகத் தேறி விடும். நிறம் வரும், ஓடி விளையாடும். அப்போதுதான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. "புள்ளைக்குத்தான் சுகமாயிருச்சே, இன்னும் எதுக்கு அவ்வளவு தூரம் போயிட்டு வரணும், பேரு இல்லாமப் போகுது" என்று நிறுத்தி விடுகிறார்கள். களையின் தலையை மட்டும் வெட்டினால் வேர் உள்ளே இருக்கும் என்பது மலையில் வேலை செய்த நமக்குத் தெரியாததல்ல. நிறுத்தினால் நோய் திரும்பி வரும். திரும்பி வந்தால் குணமாக்குவது கடினம்.

மருந்து நடக்கும்போது முடி கொட்டும். அது திரும்ப முளைக்கும். மருந்து நடக்கும் காலத்தில் 38 பாகை செல்சியசுக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கிருமியை எதிர்க்கும் சக்தி அப்போது மிகக் குறைவு.

தூரம், பஸ் செலவு, இழந்து போகும் நாட் சம்பளம், வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகள் ஆகிய எல்லாம் உண்மையான கஷ்டங்கள்தான். மறைத்து வைத்துக் கொண்டு தனியாகச் சுமக்காதீர்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடமும், நலன்புரி உத்தியோகத்தரிடமும், தலைவர்மாரிடமும் சொல்லுங்கள். சாவு வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் லயமே திரண்டு நிற்கிறது. வைத்தியசாலையில் கிடக்கும் பிள்ளைக்கும் அப்படி நின்றால் என்ன? மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு நேரம் ரொட்டி சுட்டுக் கொடுப்பது கூட அந்தத் தாய்க்குப் பெரிய உதவி.

10. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது தொற்றுமா? தொற்றாது. பக்கத்தில் படுத்தாலும் ஒரே கோப்பையில் குடித்தாலும் மற்றவருக்கு வராது. பிள்ளையை ஒதுக்கி வைக்காதீர்கள்.

தாய் செய்த பிழையா? பாவமா? இல்லை. மாசமாக இருந்தபோது இதைச் சாப்பிட்டாள், அங்கே போனாள் என்று மருமகளைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடிவதில்லை.

பரம்பரை நோயா? பெரும்பாலும் இல்லை. டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடுதல். அவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மலைக்கு அடிக்கும் மருந்தினால் வருமா? இன்ன பிள்ளைக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் மருந்து அடித்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காமல், கை கால் கழுவி உடுப்பை மாற்றிக் கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்

1. வெளிறல், விடாத காய்ச்சல், காரணமில்லாத கன்றல், எலும்பு வலி, நெறி, வயிறு உப்பல்.
2. இரண்டு அறிகுறி சேர்ந்தால் இரண்டொரு நாளுக்குள் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.
3. துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.
4. பிள்ளை தேறினாலும் வைத்தியர் சொல்லும் வரை மருந்தை நிறுத்தாதீர்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் கலந்து பேசுவதற்கு

நம்முடைய டிவிஷனில் பிள்ளைக் காம்பராவில் கண்டதை ஆயாம்மா தாயிடம் எப்போது சொல்கிறார்? மாலையில் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு போகும் அவசரத்தில் அதைக் கேட்க நேரம் இருக்கிறதா? வாரத்தில் ஒரு நாள் அதற்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்க முடியுமா? குளிப்பாட்டும் அப்பாயிமாரையும் தூக்கிச் சுமக்கும் தகப்பன்மாரையும் இந்தக் கூட்டத்துக்கு எப்படி அழைப்பது?

இன்றைக்கு இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வாரம் நம்ம புள்ளக்கிட்ட ஏதாச்சும் வித்தியாசமாப் பாத்தீங்களா?" பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வரும். சந்தோஷம். வேறு பதில் வந்தால், நாலு பேர் கண்டதையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டு காலையில் டிஸ்பென்சரிக்குப் போங்கள்.